ஒத்தைத் தேதி

சர்க்கார் ஒரு நோயை ஒழிப்பதென்று தீர்மானித்துவிட்டால் முதல் காரியமாக அந்த நோய்க்கு ஓர் ஆபீஸ் திறந்துவிடும். நோய் ஒழியுமோ ஒழியாதோ, ஆபீஸுக்கு நாற்காலி, மேஜை, மைக்கூடு, பூட்டு, பியூன் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். வெள்ளைக்காரன் ஆண்ட முப்பதுகளில் கம்பம் பள்ளத்தாக்குக்கும் அப்படி ஒன்று வந்தது. குளிர்சுர நிவாரண விசேஷ சர்க்கிள் என்று பெயர். பெயரை முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு குளிர்காய்ச்சல் வந்து போய்விடும் என்பதால் ஜனங்கள் அங்கே கொடுக்கிற காய்ச்சல் மருந்தின் பேரால் கொயினா ஆபீஸ் என்றே சொன்னார்கள்.

கோட்டைமேட்டூரில் ஒரு பழைய சாவடியை வெள்ளையடித்து அதில் ஆபீஸ் வைத்தார்கள். வாசலில் பலகை. பலகையில் இரண்டு விஷயங்கள் எழுதியிருந்தன. ஒன்று, சர்க்கிள் எல்லைக்குள் இந்த ஆபீஸைத் தவிர வேறு எவரும் கொயினா மருந்து வைத்திருக்கவோ விற்கவோ கூடாது. இரண்டு, டாக்டர் ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டுமே இங்கே இருப்பார். இரட்டைப்படைத் தேதிகளில் பத்து மைல் தள்ளித் தேவன்கோம்பையில் இருக்கும் இன்னோர் ஆபீஸில் இருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வெட்டியான் ஊர் ஊராகத் தமுக்கடித்து, “ஒத்தைத் தேதியிலே வந்தாக் கொயினா உண்டு சாமியோவ்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அனுமந்தன்பட்டி அம்மாவாசி அந்தத் தமுக்கைக் கேட்டான். கேட்டுவிட்டு மறந்தும்போனான். அப்போது அவன் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. வாய்க்காலை ஒட்டி இருநூறு குழி நெல் வயல், ஒரு வண்டி, இரண்டு மாடு, மொக்கம்மாள். இவ்வளவுதான் அவன் குடும்பம். மொக்கம்மாள் பண்ணைப்புரத்துக்காரி. அவனுக்குச் சொந்த அத்தை மகள், முறைப்பெண். கட்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாய் ஓயாமல் பேசுவாள். அவள் களை எடுக்கிற வயலில் மற்ற பெண்களுக்கு அலுப்பே தெரியாது என்பார்கள். அம்மாவாசி அவளுக்கு நேர் எதிர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதே போதுமென்று இருந்தான்.

புரட்டாசி பிறந்தபோது ஒரு நாள், உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு மொக்கம்மாள் சொன்னாள்:

“மச்சான், குளுருது.”

கேலி பண்ணுகிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பிற்பாடு எத்தனையோ நாள் நினைத்து நினைத்து வருந்தினான். திரும்பிப் பார்த்தபோது அவள் வரப்பில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தன்னையே கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் தூக்கி வந்து கம்பளியைப் போர்த்தினான், சாக்கைப் போர்த்தினான், அதற்கு மேல் வைக்கோலையும் போட்டான். பல் கிட்டிக்கொண்டு கட்டில் ஆடியது. பிறகு உடம்பு அனலாகக் கொதித்தது. பொழுது சாய வேர்த்துக் கொட்டி, எழுந்து முகத்தைக் கழுவி, ஒன்றுமே நடக்காதவள்போல் சோறாக்கினாள்.

மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள், வெயில் உச்சிக்கு வந்ததும், சொல்லிவைத்தாற்போல் மறுபடியும் வந்தது. மறுநாள் இல்லை. அதற்கடுத்த நாள் வந்தது.

“முறைக்காய்ச்சலு” என்றாள் மொக்கம்மாள். “நானும் உமக்கு முறைப்பொண்ணு, எனக்கு வந்ததும் முறைக்காய்ச்சலு. நம்ம வீட்டுலே எல்லாம் முறைப்படிதேன் நடக்குது மச்சான்.”

முன்பெல்லாம் கொயினா போடி பஜாரில் சுந்தர்ராஜ் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும். அம்மாவாசி அங்கே ஓடினான். சுந்தர்ராஜ் ஒரு தகர டப்பாவை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார்.

“இம்புட்டுந்தான் இருக்கு. கொயினா இருந்த டப்பா. சர்க்கிள்காரக வந்து எல்லாத்தையும் எழுதி வாங்கிட்டுப் போயிட்டாக. ஜனங்களுக்கு நாங்களே ஒழுங்காக் குடுக்கிறோம்னாக. நீ அங்கனயே போய்க் கேளப்பா.”

அப்போதுதான் அம்மாவாசிக்குத் தமுக்கு நினைவுக்கு வந்தது. ஒத்தைத் தேதி. விரல் விட்டு எண்ணினான். புரட்டாசி ஏழாந்தேதி, காய்ச்சலும் வருகிற நாள். மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டான். அன்றைக்குக் காலையிலேயே வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அவளைப் படுக்கவைத்து, நாலு மைல் ஓட்டிப்போனான். கோட்டைமேட்டூர் எல்லையில் நடுக்கம் ஆரம்பித்தது.

ஆபீஸில் டாக்டர் இல்லை. கம்பவுண்டர் ஞானசிகாமணி மட்டும் இருந்தார். அவள் நடுங்குவதைப் பார்த்ததும் எழுந்து வந்து, தன் நாற்காலியிலிருந்த சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டுச் சொன்னார்:

“ஏம்ப்பா, இன்னைக்கு ஏன் கூட்டியாந்தே? இன்னைக்கு ரெட்டைத் தேதில்லா?”

“ஏழுங்கய்யா.”

“எது ஏழு?”

“புரட்டாசி ஏழு.”

ஞானசிகாமணி சுவரிலிருந்த மிஷன் காலண்டரைக் காட்டினார். “அது உங்க வீட்டுத் தேதி. சர்க்காருக்கு இன்னைக்குச் செப்டம்பர் இருபத்திரண்டு. சர்க்கார்லே புரட்டாசியே கெடையாது.”

“காச்சலுக்கு அது தெரியாதேங்கய்யா” என்றாள் மொக்கம்மாள், பல் கிட்டிய வாயோடு. அதுதான் அவள் அந்த ஆபீஸில் முதலில் பேசிய வார்த்தை. கம்பவுண்டருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மருந்துப் பெட்டியின் சாவி டாக்டரின் இடுப்பில் இருந்தது. டாக்டரின் இடுப்பு தேவன்கோம்பையில் இருந்தது. அவர் வெந்நீர் கொடுத்தார். அதற்குச் சாவி தேவையில்லை.

மறுநாள் இருபத்துமூன்று. அம்மாவாசி மறுபடியும் வண்டி கட்டினான். மொக்கம்மாள் குளித்து, தலை சீவி, நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள். டாக்டர் சங்கரலிங்கம் இருந்தார். அவர் மேஜைக்குப் பக்கத்தில், ஜனங்கள் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக ஒரு மாதிரிக் கொசுவலை தொங்கியது. அதற்குள்ளே ஆபீஸ் ரிஜிஸ்தர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு வருஷமாக ஒரு ரிஜிஸ்தரைக்கூடக் கொசு கடிக்கவில்லை.

டாக்டர் மொக்கம்மாளின் வாயில் கண்ணாடிக் குழாயை வைத்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “தொண்ணூற்றெட்டு. சுகம்” என்று ரிஜிஸ்தரில் எழுதினார்.

“நேத்து வந்துச்சுங்கய்யா. நாளைக்கு வரும்” என்றான் அம்மாவாசி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்குப் பேசப் பிடிக்கும். கேட்க ஆள் கிடைப்பது அந்தப் பள்ளத்தாக்கில் அபூர்வம்.

“காய்ச்சல் என்றால் என்ன என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. காய்ச்சல் என்பது தர்மாமீட்டர் சொல்வது. நீ சொல்வது காய்ச்சல் ஆகாது. அது உன் அபிப்பிராயம். நான் பார்க்கும்போது நூறு டிகிரி இருந்தால்தான் கொயினா. ரூல் பதினாலு. நேற்றைய காய்ச்சலுக்கும் நாளைய காய்ச்சலுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டு போனால் சர்க்கார் கஜானா என்னத்துக்காகும்? நல்ல ஆரோக்கியமான ஸ்திரீ. கூட்டிக்கொண்டு போய்க் கொசுவலைக்குள் தூங்கச் சொல். வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கவிடாதே.”

“வீட்டைச் சுத்தி வயலுங்க.”

“வயலில் தண்ணீர் தேங்கவிடாதே.”

வண்டியில் திரும்பும்போது மொக்கம்மாள்தான் சொன்னாள்: “நெல்லுக்கும் தண்ணி கூடாதாம் மச்சான். டாக்டரய்யா சோறு திங்கமாட்டாக போல.”

இப்படித்தான் அது நடந்தது. ஒத்தைத் தேதியில் போனால் காய்ச்சல் இல்லை, டாக்டர் இருந்தார். ரெட்டைத் தேதியில் போனால் காய்ச்சல் இருந்தது, டாக்டர் இல்லை. காய்ச்சலும் டாக்டரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்று சபதம் எடுத்த பங்காளிகள்போல் மாறி மாறி வந்துகொண்டிருந்தார்கள். காய்ச்சலாவது ஒரு தடவை தவறுமென்று அம்மாவாசி எதிர்பார்த்தான். அது தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் “சுகம்” என்று எழுதினார். ஒவ்வொரு “சுக”த்துக்கும் மொக்கம்மாளின் கன்னம் கொஞ்சம் ஒட்டியது.

ஒரு தடவை, ஒத்தைத் தேதிக் காலையில், அவள் அடுப்பை ஒட்டி ஒரு நாழிகை உட்கார்ந்து முகம் சிவக்கக் காய்ந்துவிட்டு, வழியெல்லாம் வெயிலில் நடந்தே வந்தாள். அது அவளாகச் செய்த யோசனை. கண்ணாடிக் குழாய் தொண்ணூற்றொன்பது காட்டியது. டாக்டர் அவள் புடவையிலிருந்த சாம்பலைக் கவனித்துவிட்டார். “சுகம். ஏமாற்ற முயற்சி” என்று எழுதினார். அன்றைக்குத் திரும்பும்போது அவள் பேசவில்லை. மூன்று வருஷத்தில் அவள் பேசாமல் வந்த முதல் நாலு மைல் அதுதான்.

“டாக்டர் இருக்கிற எடத்துக்கே போவோம்” என்று அம்மாவாசி முடிவு செய்தான். அக்டோபர் எட்டாந்தேதி, ரெட்டை. விடிவதற்கு முன் கிளம்பித் தேவன்கோம்பைக்கு ஓட்டினான். உச்சி வேளைக்குப் போய்ச் சேர்ந்தபோது மொக்கம்மாள் வண்டியோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனான். டாக்டர் சங்கரலிங்கம் குழாயை வைத்து எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தில் நிஜமான வியப்பு தெரிந்தது.

“நூற்றுநாலு! அருமையான காய்ச்சல்!”

அம்மாவாசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பதினேழு நாளாக அவன் சொன்னதை இன்றைக்குத்தான் ஒருவர் ஒத்துக்கொண்டார். டாக்டர் பெட்டியைத் திறந்தார். வெள்ளைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். ரிஜிஸ்தரைப் பிரித்தார்.

“பெயர்?”

“மொக்கம்மாளுங்க.”

“ஊர்?”

“அனுமந்தன்பட்டிங்க.”

டாக்டரின் கை நின்றது. பொட்டலத்தை மேஜையில் வைத்தார். “நீ ஒற்றைப்படை ஊராயிற்றே.”

“ஆமங்கய்யா.”

“உங்கள் ஊர் கோட்டைமேட்டூர் செக்‌ஷன். இந்தப் பெட்டி தேவன்கோம்பை செக்‌ஷன். இந்தப் பெட்டியிலிருந்து உனக்குக் கொடுத்தால் இங்கே ஒன்று குறையும், அங்கே ஒன்று மிஞ்சும். இரண்டுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.”

“அங்கனயும் நீங்கதேன டாக்டரு?”

“அங்கே நான் கோட்டைமேட்டூர் டாக்டர். இங்கே தேவன்கோம்பை டாக்டர். எனக்கே நான் கடிதம் எழுதி அனுமதி கேட்டு, எனக்கே நான் பதில் எழுதலாம். அதற்குத் தலைமை ஆபீஸ் வழியாகப் போக வேண்டும், இருபது நாள் ஆகும்.” அவர் குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். “என்ன அருமையான காய்ச்சல்! இதை ஒற்றைப்படையில் கொண்டுவந்திருக்கக் கூடாதா?”

பொட்டலம் மறுபடியும் பெட்டிக்குள் போனது. மொக்கம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த தடவை கோட்டைமேட்டூருக்குப் போனபோது ஞானசிகாமணி அம்மாவாசியைத் தனியே காலண்டர் பக்கம் கூப்பிட்டார். மனுஷன் இரண்டு நாளாக அதைப் பற்றியே யோசித்திருந்தார் போலிருந்தது.

“இங்கன பாரு அம்மாவாசி. உன் சம்சாரத்துக்குக் காய்ச்சல் ரெட்டைத் தேதியிலே வருது. இருவத்தெட்டு, முப்பது. அப்பறம்?”

“அப்பறம் முப்பத்திரண்டு.”

“முப்பத்திரண்டு கெடையாதுப்பா! அக்டோபருக்கு முப்பத்தொண்ணோட சரி. முப்பதுலே வந்த காய்ச்சலு, முப்பத்தொண்ணை விட்டுட்டு, அடுத்து எப்ப வரும்? நவம்பர் ஒண்ணுலே! ஒண்ணு, மூணு, அஞ்சு. எல்லாம் ஒத்தை. காய்ச்சல் தன்னாலே நம்ம ஆபீஸ் தேதிக்கு வந்து சேந்துரும். ஒண்ணாந்தேதி ஞாயித்துக்கெழமை, லீவு. மூணாந்தேதி கூட்டியா. அதுவரைக்கும் எப்படியாச்சும் தாங்கிக்கிடச் சொல்லு.”

அம்மாவாசி சுவரோரம் உட்கார்ந்து விரல் விட்டு இரண்டு தரம் எண்ணிப்பார்த்தான். கணக்கு சரியாக இருந்தது. எழுந்து அந்தக் காலண்டரைக் கும்பிட்டான். அதில் ஏசுநாதர் படம் இருந்ததால் ஞானசிகாமணி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் மூன்று வாரம் ஒரே நினைப்புத்தான். மூன்றாந்தேதி. நாட்டு வைத்தியன் கொடுத்த நிலவேம்புக் கஷாயத்தைக் குடித்துக்கொண்டு மொக்கம்மாள் நாளை ஓட்டினாள். வயிற்றின் இடப்பக்கம் கட்டி மாதிரி வீங்கியது. கண் மஞ்சளாயிற்று. காய்ச்சல் இல்லாத நாளிலும் எழுந்து நிற்க முடியவில்லை. பேச்சு குறைந்தது. ஆனாலும் ஒரு நாள் சொன்னாள்:

“மச்சான், ஒருவேளை நான் முந்திக்கிட்டா, காச்சல் இல்லாத நாளாப் பாத்துச் சாகணும். சுகமாச் செத்தாளுன்னு எழுதிக்கிடுவாக. டாக்டரய்யாவுக்குத் தொந்தரவு இருக்காது.”

“வாயைக் கழுவு புள்ள” என்று அதட்டினான். அதட்டிவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடுகிற சாக்கில் வெளியே போய் நின்றான். மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். வேறு யாரிடம் அழுவது?

அக்டோபர் முப்பதில் காய்ச்சல் வந்தது. முப்பத்தொன்றில் வரவில்லை. நவம்பர் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை, அம்மாவாசி வயலுக்கே போகாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் உச்சிக்கு வந்தது. மொக்கம்மாளின் உதடு நடுங்கியது.

“வந்துருச்சா?”

“வந்துருச்சு மச்சான்.”

“வந்துருச்சு!” என்று கத்திக்கொண்டு துள்ளி எழுந்தான். கட்டின பெண்டாட்டிக்குக் காய்ச்சல் வந்ததற்குத் துள்ளிக் குதித்த புருஷன் இந்த உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். அவளும் சிரித்தாள். பல் அடித்துக்கொள்ளச் சிரித்தாள்.

அன்று சாயங்காலமே தலையாரி வந்தான். கையில் முத்திரை போட்ட கடிதம். மூன்றாந்தேதி கோட்டைமேட்டூரில் விழா. அனுமந்தன்பட்டி மொக்கம்மாள் தவறாமல் வர வேண்டும். அவளுக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுக்கப்படும். என்ன விழா, எதற்குப் பத்திரம் என்று தலையாரிக்குத் தெரியவில்லை. அம்மாவாசி அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. எப்படியும் போகிற நாள்தானே என்று நினைத்தான்.

மூன்றாந்தேதி சாவடிக்கு முன்னால் பந்தல், வாழை மரம், நாதசுரம். ஞானசிகாமணி வண்டியைப் பார்த்ததும் ஓடி வந்தார். அவர் முகம் செத்திருந்தது.

“அம்மாவாசி, மோசம் போயிட்டோம்ப்பா. ரெண்டு மாசமா இந்த ஆபீஸ்லே ஒருத்தருக்கும் காய்ச்சல் பதிவாகலை. வந்தவுக எல்லாரும் சுகம், சுகம்னு எழுதியிருக்கு. இந்தப் பக்கம் காய்ச்சல் ஒழிஞ்சுபோச்சுன்னு மேலே எழுதிட்டாக. இன்னைக்கு அதுக்குத்தான் விழா. மருந்துப் பொட்டி, தர்மாமீட்டர் எல்லாம் முத்திரை வச்சு விடியக்காலப் பஸ்லே தலைமை ஆபீசுக்குப் போயிருச்சு.”

“அப்பப் பத்திரம்?”

“உன் சம்சாரத்தைத்தான் ஒம்போது தரம் சோதிச்சிருக்கு. ஒம்போது தரமும் சுகம். சர்க்கிள்லேயே முதல் ஆரோக்கியவதின்னு அவுகளைத்தான் எடுத்திருக்காக.”

அம்மாவாசிக்கு அது உடனே புரியவில்லை. புரிவதற்குள் பியூன் வந்து மொக்கம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் மேடையில், பெரிய ஆபீசருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காரவைத்துவிட்டான். அவள் கழுத்தில் மாலை போட்டார்கள். மாலை அவளைவிடக் கனமாக இருந்தது.

பெரிய ஆபீசர் எழுந்தார். அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்கிறார்.

“மகாஜனங்களே! இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே காய்ச்சல் இருந்தது, மருந்து இல்லை. இன்று மருந்து இருக்கிறது, காய்ச்சல் இல்லை. இதைவிட ஒரு சர்க்கார் என்ன செய்ய முடியும்? எங்களிடம் வந்த கொயினாவில் முக்கால் பங்கை ஒரு குண்டுமணி குறையாமல் திருப்பி அனுப்பியிருக்கிறோம். இந்தச் சிக்கனத்தை வேறெந்த ஜில்லாவும் சாதிக்கவில்லை. காய்ச்சல் வந்தால் சாமி குற்றம் என்று கோழி அறுத்த காலம் போயிற்று. மூடநம்பிக்கையை விடுங்கள். கண்ணால் கண்டதை நம்புங்கள். இதோ, கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்த ஆரோக்கியமான ஸ்திரீயைப் பாருங்கள்!”

எல்லாரும் பார்த்தார்கள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மொக்கம்மாள் நடுங்க ஆரம்பித்தாள். முதலில் மாலை ஆடியது. அப்புறம் நாற்காலி ஆடியது. பல் அடித்துக்கொள்கிற சத்தம் முன் வரிசை வரைக்கும் கேட்டது. கண் மேலே சொருகி, தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது.

பிறகு கூட்டத்திலிருந்து ஒரு கிழவி எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக் கூவினாள்:

“ஆத்தா வந்துட்டாடீ!”

அவ்வளவுதான். பெண்கள் குலவையிட்டார்கள். எங்கிருந்தோ வேப்பிலை வந்தது. மேளக்காரன் நிலைமையைப் புரிந்துகொண்டு அடியை மாற்றினான். பெரிய ஆபீசர் திகைத்து டாக்டர் சங்கரலிங்கத்தைப் பார்த்தார்.

அம்மாவாசி கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையில் ஏறினான். வாழ்நாளில் முதல் தடவையாக உரக்கப் பேசினான்.

“சாமி இல்லைய்யா! காச்சலு! தொட்டுப் பாருங்க, நூத்திநாலு இருக்கும்! ஒத்தைத் தேதியிலே கொண்டாந்திருக்கேன்யா! இன்னைக்கு மூணாந்தேதி!”

டாக்டர் கையை நீட்டினார். அவள் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கை நின்றது. அங்கேயே அனல் தெரிந்திருக்க வேண்டும். தொட்டுவிட்டால் அது காய்ச்சல். காய்ச்சல் என்றால் ரிப்போர்ட் பொய், விழா பொய், மேடையில் நிற்கிற ஆபீசர் பொய். டாக்டர் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

“கை கருவி ஆகாது” என்றார் தாழ்ந்த குரலில். “கருவி பஸ்ஸில் போய்விட்டது.”

பெரிய ஆபீசர் தொண்டையைக் கனைத்தார். கோழி அறுத்த காலம் போயிற்றென்று சொல்லி இன்னும் கால் மணி ஆகவில்லை. “ஜனங்களுடைய நம்பிக்கையில் சர்க்கார் குறுக்கிடுவதில்லை” என்றார். “தேவியே எழுந்தருளி நம்முடைய சர்க்கிளை ஆசீர்வதிக்கிறாள் என்று நினைக்கிறேன்.” செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். டாக்டரும் கும்பிட்டார். யாரோ மொக்கம்மாளின் நெற்றியில் திருநீறு பூசினார்கள்.

சாமி வந்தவளிடம் கைநாட்டு வாங்க முடியாது. அதனால் பத்திரத்தைக் கொடுக்காமல் நிறுத்திவைத்தார்கள். இன்னொரு ஒத்தைத் தேதியில் வந்து ரேகை வைத்து வாங்கிக்கொள்ளும்படி பியூன் சொல்லிவிட்டுப் போனான்.

கூட்டம் கலைந்த பிறகு ஞானசிகாமணி ஒரு காலி டப்பாவைத் தேடி எடுத்துவந்தார். அதன் அடியில் ஒட்டியிருந்த தூளைக் கரண்டிக் காம்பால் சுரண்டினார். ஒரு சிட்டிகை தேறியது. அதைத் தண்ணீரில் கரைத்து வண்டியில் கிடந்தவளின் நாக்கில் விட்டார். அவள் முகத்தைச் சுளித்தாள்.

“கசக்குது மச்சான்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “இதுக்குத்தேனா இம்புட்டு நடந்தோம்?” என்று கேட்டாள்.

அம்மாவாசி பதில் சொல்லவில்லை. அவன் எப்போதுமே பேச்சுக் குறைந்தவன். அன்றைக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று பிறகு தோன்றிக்கொண்டே இருந்தது. ஏனென்றால் அதற்கு அப்புறம் அவள் தெளிவாக ஒன்றும் பேசவில்லை. ஐந்தாந்தேதி உச்சி வேளையில், காய்ச்சல் சொன்ன சொல் தவறாமல் வந்தபோது, அவளுக்கு நடுங்கத் தெம்பு இல்லை. சும்மா கிடந்தாள். நடுக்கம் வரவில்லையே, காய்ச்சல் விட்டுவிட்டதோ என்று அம்மாவாசி ஒரு நிமிஷம் நம்பினான். குனிந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

கிராம மணியக்காரர் சாவுக் கணக்கைத் திறந்தார். காய்ச்சல் என்று எழுதப் போனவர் பேனாவை நிறுத்தினார். சர்க்கிளில்தான் காய்ச்சல் இல்லையென்று மூன்றாந்தேதியே சர்க்கார் சொல்லிவிட்டதே! நெடுநேரம் யோசித்து, காரணம் என்கிற கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

அந்த ஆபீஸை உடனே மூடவில்லை. மூடுவதற்கு எழுத வேண்டிய காகிதங்கள் நிறைய இருந்ததால் மூடுகிற வேலைக்கு மூன்று மாதம் அனுமதி வாங்கியிருந்தார்கள். அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுநாள் தலையாரி மறுபடியும் கடிதத்தோடு வந்தான். நற்சாட்சிப் பத்திரம் ஒன்று கைநாட்டில்லாமல் நிற்பதால் கணக்கு முடியவில்லை, உடனே வரவும்.

அம்மாவாசி வண்டி கட்டவில்லை. நாலு மைலும் நடந்தே போனான். பக்கத்தில் பேச ஆளில்லாத அந்தப் பாதை பத்து மைலாக நீண்டது. வயல்களில் தண்ணீர் நிறைந்து கிடந்தது.

டாக்டர் சங்கரலிங்கம் மேஜையில் பத்திரத்தை விரித்து வைத்திருந்தார். தங்க நிறக் கரை, நடுவில் சர்க்கார் முத்திரை. மைத் துணியை எடுத்து முன்னால் வைத்தார். காலண்டர் அடியில் உட்கார்ந்திருந்த ஞானசிகாமணி, உள்ளே வந்தவனைப் பார்த்தார். மழித்த தலையைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

“வா, வா. ரேகை வைக்க வேண்டியது உன் சம்சாரமாயிற்றே” என்றார் டாக்டர், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “அந்த அம்மாள் எங்கே?”

அம்மாவாசி வாசலைத் திரும்பிப் பார்த்தான். வழக்கமாக வண்டி நிற்கிற இடம் வெறுமையாகக் கிடந்தது.

“ஒத்தையிலே வரச் சொன்னீகய்யா” என்றான். “ஒத்தையா வந்திருக்கேன்.”

டாக்டர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். நவம்பர் இருபத்தொன்று.

“ஆமாம், இன்று ஒற்றைப்படைதான்” என்றார். “தேதி சரியாக இருக்கிறது.”